பெயரும் பீடும்: பகத்சிங்கை யார், எதற்காக நினைவுகூர்கிறார்கள்?

கேள்வி இதுதான்: இடதுசாரிகள், காங்கிரஸ், பாரதிய ஜனதா, ஆம் ஆத்மி, பெரியாரியர்கள் என்று ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத எல்லோரும் பகத்சிங்கைத் தங்களவர் என்கிறார்கள், ஒரே மனிதருடைய அரசியல் இத்தனை பேருக்கும் பொருந்துவது எப்படி? ஆண்டுதோறும் மார்ச் 23 அன்று நடக்கும் நினைவேந்தல்கள் அந்த அரசியலை வாழவைக்கின்றனவா, மறக்கடிக்கின்றனவா?

சுருக்கமாகச் சொல்வதானால், அவருடைய அரசியல் இத்தனை பேருக்கும் பொருந்தவில்லை. பொருந்துவது அவருடைய சாவு மட்டுமே. இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் அஞ்சாமல் தூக்குமேடை ஏறினார் என்பதை எந்தக் கட்சியும் மறுக்கத் தேவையில்லை. எதற்காக ஏறினார் என்று கேட்கும்போதுதான் ஒவ்வொருவருக்கும் ஏதோவொரு பக்கம் இடிக்கிறது. ஆகவே பெரும்பாலான மேடைகளில் அந்தக் கேள்வி எழுவதற்குள் மாலை விழுந்துவிடுகிறது.

தமிழில் இதைப் பற்றிச் சிந்திக்க நம்மிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது. போரில் பட்டவனுக்குக் கல் நடும் வழக்கத்தைச் சொல்லும் அகநானூற்றுப் பாடலொன்றில் ‘பெயரும் பீடும் எழுதி’ என்று ஒரு தொடர் வருகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கிடைத்த, தமிழி எழுத்துப் பொறித்த நடுகல்லைப் பாருங்கள்: கூடலூரில் நடந்த ஆகோளில் (ஆநிரை கவரும் பூசலில்) பட்ட தீயன் அந்தவனின் கல் என்று அது சொல்லி முடித்துவிடுகிறது. பெயர் இருக்கிறது, எந்த ஊரில், எந்தப் பூசலில் மாண்டான் என்பதும் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தச் சிறு கல் சொன்ன அளவுக்குக்கூட இன்றைய வெண்கலச் சிலைகள் பல சொல்வதில்லை. பெயர் பெரிதாக இருக்கும். பீடு இருக்க வேண்டிய இடத்தில் திறந்து வைத்தவரின் பெயர் இருக்கும்.

பகத்சிங் விஷயத்தில் இந்த நழுவல் எப்படி நடந்தது என்று பார்க்க அவருடைய படத்திலிருந்து தொடங்குவதே எளிது. நம்பத்தக்கவையாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒளிப்படங்கள் நான்கே: சிறுவனாக ஒன்று, லாகூர் தேசியக் கல்லூரிக் குழுவில் தலைப்பாகையுடன் நிற்பது ஒன்று, 1927ஆம் ஆண்டு கைதாகி, கயிற்றுக் கட்டிலில் விலங்குடன், முடிந்த கூந்தலோடு உட்கார்ந்திருப்பது ஒன்று, கடைசியாக, நாம் எல்லோரும் அறிந்த தொப்பிப் படம். இந்த நான்காவது படம் தற்செயலாக எடுக்கப்பட்டதன்று. 1929 ஏப்ரல் 8 அன்று தில்லி மத்திய சட்டசபையில் குண்டு வீசுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, காஷ்மீரி கேட் பகுதியில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் பகத்சிங்கும் அவரோடு குண்டு வீசிய தோழர் பட்டுகேஷ்வர் தத்தும் தனித்தனியே படம் எடுத்துக்கொண்டார்கள். கைதான பின் பத்திரிகைகளுக்குக் கொடுக்கப் படம் வேண்டும் என்பதே நோக்கம். காலியான இருக்கைகளைப் பார்த்து வீசப்பட்ட குண்டு, கூடவே பறக்கவிடப்பட்ட துண்டறிக்கை, தப்பியோடாமல் நின்று கைதானது, வழக்கு மன்றத்தையே மேடையாக்கியது, இவை எல்லாம் ஒரே திட்டத்தின் பகுதிகள். தாங்கள் எப்படி நினைக்கப்பட வேண்டும் என்பதைத் தாங்களே யோசித்து வைத்த தியாகிகள் உலக வரலாற்றில் அதிகம் இல்லை. அதனாலேயே அவர்களுக்குப் பின்னால் நடந்தது கூடுதலாக உறுத்துகிறது.

ஐரோப்பியத் தொப்பியும் மழித்த முகமுமாக இருந்த அந்தப் படம், அவர் தூக்கிலிடப்பட்ட 1931ஆம் ஆண்டிலேயே வேறு உருவங்கள் எடுக்கத் தொடங்கியது. அப்போது அச்சாகி, அரசால் தடை செய்யப்பட்ட வண்ணச் சுவர்ப்படங்களில் பகத்சிங் தம் தலையைக் கொய்து தட்டில் ஏந்திப் பாரதமாதாவின் காலடியில் வைக்கிறார். நாத்திகராக வாழ்ந்து நாத்திகராகவே செத்தவர் தெய்வத்துக்குத் தலைப்பலி கொடுப்பவராகச் சில மாதங்களில் மாறிவிட்டார். இதை மக்களின் அறியாமை என்று தள்ளிவிடுவது சரியாகாது. துக்கத்துக்கு ஒரு வடிவம் தேடிய மக்கள் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிற்கால அரசுகளுக்கும் கட்சிகளுக்கும் இந்தச் சமாதானத்தைச் சொல்ல முடியாது. 2008ஆம் ஆண்டு நாடாளுமன்ற வளாகத்தில் 18 அடி உயரத்தில் வைக்கப்பட்ட வெண்கலச் சிலை தலைப்பாகை கட்டிய ஒரு நடுவயதுக்காரரைப் போல இருக்கிறது என்று அவருடைய உறவினர்களும் ஆய்வாளர்களும் அப்போதே குறை சொன்னார்கள். இப்போது பஞ்சாபில் அவருடைய அடையாளமாகிவிட்ட மஞ்சள் தலைப்பாகையோ, கிடைத்திருக்கும் கருப்பு வெள்ளைப் படங்கள் எதிலிருந்தும் வந்ததன்று. 2022 மார்ச் 16 அன்று ஆம் ஆத்மியின் பகவந்த் மான், பகத்சிங்கின் பூர்விக ஊரான கட்கர் கலானில் முதலமைச்சராகப் பதவியேற்றபோது மைதானமே மஞ்சளாயிற்று. அரசு அலுவலகங்களில் முதலமைச்சர் படத்துக்குப் பதில் அம்பேத்கர், பகத்சிங் படங்கள் மாட்டப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், பஞ்சாபும் ஹரியானாவும் பெயர் விஷயத்தில் பல ஆண்டுகள் இழுபறி நடத்திய சண்டிகர் விமான நிலையத்துக்கு ஒன்றிய அரசு அவர் பெயரைச் சூட்டியது. இரண்டு அரசுகளும் எதிரெதிர்க் கட்சிகளுடையவை. அவரை மதிப்பதில் மட்டும் ஒரு கருத்து வேறுபாடும் இல்லை. அந்த ஒற்றுமையைப் பார்க்கும்போதே, அங்கே மதிக்கப்படுவது அவருடைய கருத்து அன்று என்று சந்தேகப்படலாம்.

படத்துக்கு அடுத்தது உடல். ஆங்கில அரசு தியாகியின் படத்தைக் காட்டிலும் உடலுக்கே அதிகம் பயந்தது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. லாகூர் சிறையில் அரசியல் கைதிகளுக்கான உரிமை கேட்டு 63 நாட்கள் உண்ணாநோன்பு இருந்து 1929 செப்டம்பர் 13 அன்று இறந்த யதீந்திரநாத் தாஸின் உடல் லாகூரிலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலில் கொண்டு செல்லப்பட்டபோது, வழியெங்கும் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. கல்கத்தாவில் இறுதி ஊர்வலம் பெருங்கூட்டத்தோடு நடந்தது. அரசு அந்தப் பாடத்தை மறக்கவில்லை. பகத்சிங், சுகதேவ், ராஜகுரு மூவருக்கும் 1931 மார்ச் 24 என்று குறித்திருந்த தூக்கை முந்தைய நாள் மாலையிலேயே நிறைவேற்றி, உடல்களை இரவோடிரவாகச் சட்லெஜ் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் அவசரமாக எரித்தது. கல் நட இடம் கொடுக்கக் கூடாது என்பதே அந்த அவசரத்தின் பொருள்.

அந்த இடம் பெரோஸ்பூருக்கு அருகிலுள்ள ஹுசைனிவாலா. பிரிவினையில் அது பாகிஸ்தான் பக்கம் போயிற்று. 1961ஆம் ஆண்டு இந்திய அரசு சுலைமான்கி தலைமதகுப் பகுதியில் 12 கிராமங்களைக் கொடுத்து அந்த இடத்தை வாங்கியது. 1968இல் நினைவிடம் எழுந்தது. 1971 போரில் பாகிஸ்தான் படையின் கையில் சிக்கிச் சேதமடைந்து, 1973இல் மீண்டும் சீரமைக்கப்பட்டது. ஒரு சிதைமேட்டுக்காக நாடுகள் நிலம் மாற்றிக்கொண்டன என்பது சிறிய செய்தி அன்று. இன்று அங்கே தண்டவாளம் எல்லையோடு முடிந்துவிடுகிறது. பெரோஸ்பூரிலிருந்து ஆண்டில் வெகு சில நாட்களே, மார்ச் 23 உட்பட, சிறப்பு ரயில் அங்கு ஓடுகிறது. நாள்தோறும் மாலையில் இருநாட்டுக் காவலர்களும் விறைப்பாக நடந்து கொடி இறக்கும் சடங்கு நினைவிடத்துக்கு அருகிலேயே நடக்கிறது. பிறந்தது இன்றைய பாகிஸ்தானின் பைசலாபாத் பகுதியிலுள்ள பங்கா கிராமத்தில், படித்ததும் தூக்கிலேறியதும் லாகூரில், சாம்பலானது மட்டும் இப்போதைய இந்தியாவில் என்ற ஒருவரை எல்லைக் கோட்டின் காவல் தெய்வமாக நிறுத்தியிருக்கிறோம்.

இனி, சொல். படத்தையும் சிதைமேட்டையும் போலச் சொல்லை வேலி போட்டு வைத்துக்கொள்ள முடியாது. படித்தால் போதும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். பகத்சிங் விட்டுப்போன எழுத்து அவருடைய வயதுக்கு மிக அதிகம். 1928ஆம் ஆண்டு ‘கிர்தி’ என்ற பஞ்சாபி இதழில் தீண்டாமை பற்றியும் மதக் கலவரங்கள் பற்றியும் கட்டுரைகள். 1929 ஜூன் 6 அன்று தத்துடன் சேர்ந்து வழக்கு மன்றத்தில் அளித்த அறிக்கை. சிறையில் எழுதிய நாத்திகம் பற்றிய கட்டுரை. இளம் அரசியல் ஊழியர்களுக்கு 1931 பிப்ரவரி 2 தேதியிட்ட கடிதம். நூற்றுக்கணக்கான பக்கங்களில் பல நூல்களிலிருந்து குறிப்பெடுத்த சிறைக் குறிப்பேடு. இவற்றில் ஏதாவது ஒன்றை முழுதாகப் படித்தால்கூட, எல்லோருக்கும் பொதுவான பகத்சிங் என்பவர் கரைந்துபோகிறார்.

அந்த மன்ற அறிக்கையில், புரட்சி என்றால் இரத்தம் சிந்துவதோ தனிப்பட்ட பழிவாங்கலோ அன்று, வெடிகுண்டு துப்பாக்கி வழிபாடும் அன்று, வெளிப்படையான அநீதியின் மீது நிற்கும் இன்றைய அமைப்பு மாற வேண்டும் என்பதே அதன் பொருள் என்று சொல்கிறார். பிப்ரவரிக் கடிதத்தில் இன்னும் ஒருபடி மேலே போய், தாம் பார்வைக்குப் பயங்கரவாதியைப் போல நடந்துகொண்டிருந்தாலும் தாம் அப்படிப்பட்டவர் அல்லர், உண்மையான புரட்சிப் படை கிராமங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கிறது என்கிறார். வைஸ்ராய் இர்வின் பிரபுவின் இடத்தில் ஓர் இந்தியப் பிரமுகர் உட்கார்ந்தால் உழவனுக்கு என்ன வேறுபாடு என்றும் கேட்கிறார். இந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, 1947க்குப் பிறகு அவர் சிலைக்கு மாலை போட வந்த எந்த அமைச்சருக்கும் வசதியானதன்று. தீண்டாமைக் கட்டுரையோ சாதிப் பெருமை பேசும் மேடைகளுக்கு ஆகாது. மதக் கலவரக் கட்டுரை மதத்தை அரசியலிலிருந்து பிரிக்கச் சொல்கிறது. ஆகவேதான் எழுத்தை விட்டுவிட்டுத் தொப்பியையோ தலைப்பாகையையோ எடுத்துக்கொள்கிறார்கள். இடதுசாரிகள் இந்த எழுத்துகளைத் தேடித் தொகுத்து அச்சிட்டதில் பெரும்பங்கு ஆற்றியவர்கள். ஆனால் தெருமுனைப் பதாகை என்று வரும்போது அவர்களும் தொப்பிப் படத்தோடு நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வீரத்தைப் புகழ்ந்து கொள்கையை ஒதுக்கும் இந்த முறைக்கு முதல் அச்சு வார்த்தது 1931 மார்ச் இறுதியில் கூடிய கராச்சி காங்கிரஸ். தூக்கு நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் மூவரின் உயிரைக் காக்கவில்லை என்ற கோபத்தில் இளைஞர்கள் காந்தியைக் கருப்புக் கொடியோடும் கருப்புத் துணிப் பூக்களோடும் எதிர்கொண்டார்கள். அந்த மாநாடு நிறைவேற்றிய தீர்மானம், எந்த வடிவிலான அரசியல் வன்முறையையும் ஏற்கவில்லை என்று விலகி நின்றுகொண்டு, மூவரின் துணிவையும் தியாகத்தையும் மட்டும் பாராட்டியது. சொல்லமைப்பில் மிகக் கவனமான தீர்மானம் அது. வழிமுறையில் வேறுபாடு, துணிவுக்கு வணக்கம். அவர்கள் கேட்ட சமூக அமைப்பைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அதே மாநாடு அடிப்படை உரிமைகளும் பொருளாதாரத் திட்டமும் பற்றித் தனியே ஒரு தீர்மானம் போட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த இளைஞர்களின் கொதிப்புக்கும் அந்தத் தீர்மானத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் நம்பவில்லை. ஆனால் இரண்டு தீர்மானங்களும் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.

ஏறத்தாழ அதே நாட்களில் ஈரோட்டில் இதற்கு நேரெதிரான ஒரு நினைவேந்தல் நடந்தது. 1931 மார்ச் 29 ‘குடி அரசு’ இதழில் பெரியார் பகத்சிங்கைப் பற்றித் தலையங்கம் எழுதினார். அது இரங்கல் குறிப்பு அன்று, வாதம். காந்தியை நேற்றுவரை வானளாவப் புகழ்ந்தவர்கள் இன்று அவரை ஒழிக என்று கத்துவதைச் சுட்டிக்காட்டிவிட்டு, பகத்சிங் பஞ்சாப் கவர்னருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு அவருடைய கொள்கை சமதர்மமும் பொதுவுடைமையும்தான் என்று நிறுவுகிறார். அவர் கைக்கொண்ட முறைகளில் தம் அறிவுக்குச் சிறிது தவறு தோன்றினாலும், கொள்கை குற்றமுடையது என்று சொல்லத் துணியமாட்டோம் என்கிறார். பிறகு அந்தக் கொள்கையைத் தம்முடைய களத்துக்குக் கொண்டுவருகிறார்: தீண்டாமை ஒழிய மேல்சாதி கீழ்சாதி என்பதே ஒழிய வேண்டும் என்பது போலவே, வறுமை ஒழிய முதலாளி கூலி என்பது ஒழிய வேண்டும். கராச்சித் தீர்மானத்தைப் போலவே இவரும் வழிமுறையில் வேறுபடுகிறார். ஆனால் அங்கே விடுபட்டதைத்தான் இவர் பிடித்துக்கொள்கிறார். இதைவிட நல்ல அஞ்சலி அந்த ஆண்டில் வேறெங்கும் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அதன் தொடர்ச்சி அவ்வளவு நேரான கதை அன்று. நாத்திகக் கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்க, ஈரோட்டில் சுயமரியாதை இயக்கப் பதிப்பாக அது வெளிவந்தது. 1930களின் நடுவில் அதற்காக ஜீவாவும், பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைது செய்யப்பட்டார்கள். அரசின் அடக்குமுறையிலிருந்து இயக்கத்தைக் காக்க வேண்டும் என்று கருதிய பெரியாரின் முடிவின்படி மன்னிப்புக் கடிதம் கொடுத்து அவர்கள் வெளியே வந்தார்கள். ஜீவாவுக்கு அது ஆறாத வடுவாயிற்று, வழிகளும் பிரிந்தன. ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை: 1930ஆம் ஆண்டு, சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயக் காவல் அதிகாரியின் கொலை (பகத்சிங்குக்குத் தூக்கு விதிக்கப்பட்டது இந்த வழக்கில்தான்) நடந்த நாளில் என் மகன் லாகூரிலேயே இல்லை என்று தந்தை கிஷன்சிங் நீதிமன்றத்துக்கு மனு கொடுத்தபோது, இதை வேறு யாராவது செய்திருந்தால் துரோகம் என்றே கருதியிருப்பேன் என்ற அளவுக்குக் கடுமையாகத் தந்தைக்குக் கடிதம் எழுதியவர் பகத்சிங். அவருடைய எழுத்தை அச்சிட்டதற்கே மன்னிப்பு எழுத நேர்ந்தது. இதைக் கொண்டு பெரியாரைத் தூற்றுகிறவர்களும், இதைச் சொல்லவே கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஓர் இயக்கத்தை நடத்துகிறவரின் கணக்கும் சாகத் துணிந்த தனிமனிதரின் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது என்பதுதான் இதில் எனக்குத் தெரிவது. மரபு என்பது இப்படிப்பட்ட முரண்களோடுதான் கைமாறுகிறது.

‘தியாகி’ என்ற சொல்லையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பஞ்சாபியிலும் இந்தியிலும் புழங்கும் ‘ஷஹீத்’ என்ற அரபுச் சொல்லுக்குச் சாட்சி என்பது மூலப் பொருள். செத்தவன் எதற்கோ சாட்சி சொன்னவன். தமிழில் தியாகி என்றால் துறந்தவன். உயிரோடு இருப்பவருக்கும் அது பொருந்தும். அதனால்தான் நம் ஊரில் தியாகி ஓய்வூதியம் என்ற சொற்றொடர் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. சாட்சி சொன்னவரிடம், எதற்குச் சாட்சி என்று கேட்டே ஆக வேண்டும். துறந்தவரிடம் எதைத் துறந்தார் என்று கேட்டு வியந்தால் போதும். இது மொழி விளையாட்டுப் போலத் தோன்றலாம். ஆனால் அரசு வைத்திருக்கும் பட்டியலில் இதன் விளைவைக் காணலாம். சுட்டது யார் என்பதைப் பொறுத்தே அங்கே தியாகி ஆகிறார்கள்.

கோவை சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு மில் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1950 பிப்ரவரி 11 அன்று, குடியரசு பிறந்து மூன்றாவது வாரத்தில், சேலம் சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அன்றைக்குச் சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்த மலபாரின் விவசாயிகள். தஞ்சை மாவட்டத்திலிருந்து மலேயா போய்த் தொழிற்சங்கத் தலைவரான கணபதியை 1949 மே மாதம் கோலாலம்பூரில் ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள். இந்தியா சுதந்திரம் அடைந்து இரண்டாண்டு ஆகப்போகிற நேரம் அது. இவர்களுக்காக ஆண்டுதோறும் கூடுகிறவர்கள் பெரும்பாலும் அவரவர் கட்சியினரும் சங்கத்தினரும்தான். சேலத்தில் இறந்தவர்களைத் தேசத்தின் தியாகிகள் என்று அழைத்தால், சுட்ட அரசு எது என்ற கேள்வி வந்துவிடும். பகத்சிங்கை அரசிதழில் தியாகி என்று அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அந்த முத்திரை இல்லாமல் இருப்பதே அவருக்கு மரியாதை என்று நான் நினைப்பதுண்டு.

சொல்லைப் படிக்க வேண்டும் என்று சொல்லும்போது அது நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் பொருந்தும் விதியாக இருக்கக் கூடாது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. சனாதன தர்மத்தைக் காலால் மிதிக்கும் மிலேச்சர்கள் என்று ஆங்கிலேயரைச் சாடுகிறது அது. ஐந்தாம் ஜார்ஜை ‘ஜார்ஜ் பஞ்சமன்’ என்கிறது. பஞ்சமன் என்பதற்கு ஐந்தாமவன் என்றும் பொருள் உண்டு, சாதிப் பொருளும் உண்டு. எழுதியவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று இன்றும் சண்டை ஓயவில்லை. நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர் வைத்த நினைவேந்தல் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டது. துணிவையும் கடிதத்தையும் சேர்த்து வைத்துப் பேசுவதுதான் முழு அஞ்சலி. அதில் தர்மசங்கடம் இருக்கும் என்பது உண்மைதான். பதினேழு ஆண்டு இடைவெளியில், அந்தக் கடிதத்திலிருந்து தீண்டாமைக் கட்டுரைக்கு இந்தியப் புரட்சியாளர் சிந்தனை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

நினைவுகூரும் அரசுக்கே தியாகியின் சொல் எதிராகத் திரும்பிய நிகழ்ச்சியும் உண்டு. 1919 ஜனவரி 15 அன்று பெர்லினில் கொல்லப்பட்டுக் கால்வாயில் வீசப்பட்டவர் பொதுவுடைமைப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க். கிழக்கு ஜெர்மனி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அவருக்கும் அவருடைய தோழர் கார்ல் லீப்னெக்ட்டுக்கும் அரசு ஊர்வலம் நடத்தியது; பாதை, பதாகை, முழக்கம் எல்லாம் மேலிருந்து முடிவாகும். 1988 ஜனவரி 17 அன்று அதிருப்தியாளர்கள் சிலர், மாற்றாகச் சிந்திப்பவரின் சுதந்திரமே சுதந்திரம் என்ற பொருள்படும் ரோசாவின் வாசகத்தை எழுதிய பதாகையோடு ஊர்வலத்தில் சேர முயன்றபோது, காவல்துறை அவர்களைப் பிடித்துச் சென்றது. அவருக்காக நடந்த ஊர்வலத்தில் அவருடைய வாக்கியம் குற்றமாயிற்று. மறு ஆண்டு அந்த அரசின் மதில் விழுந்தது அந்தப் பதாகையால் அன்று. ஆனால் நாற்பது ஆண்டுச் சடங்கால் அந்த ஒரு வாக்கியத்தை அழிக்க முடியவில்லை.

இன்னொன்று: தியாகிகளைக் கொண்டாடும் முறை உயிர் பிழைத்தவர்களை மறைத்துவிடுகிறது. சட்டசபையில் பகத்சிங்கோடு நின்ற தத், அந்தமான் சிறை கண்டு, விடுதலைக்குப் பின் பட்னாவில் பிழைப்புக்கே திண்டாடி, 1965 ஜூலை 20 அன்று தில்லி மருத்துவமனையில் இறந்தார். தம் விருப்பப்படி ஹுசைனிவாலாவில் எரிக்கப்பட்டதுதான் நாடு அவருக்குச் செய்த பெரிய மரியாதை. சாண்டர்ஸ் கொலைக்குப் பின் பகத்சிங்கை லாகூரிலிருந்து தப்ப வைத்த துர்காதேவி 1999ஆம் ஆண்டு காசியாபாத்தில் பெரிய ஆரவாரமில்லாமல் இறந்தார். அந்தக் கொலைக்காக நடந்த லாகூர் வழக்கில் விடுதலையான அஜய் கோஷ் பின்னாளில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். ஆயுள் தண்டனை பெற்ற சிவ வர்மா வெளியே வந்து கட்சிப் பணியோடு தோழர்களின் எழுத்துகளைத் தொகுப்பதில் காலம் கழித்தார். பிப்ரவரிக் கடிதம் சொன்ன கிராமங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் உண்மையில் போனவர்கள் இவர்களைப் போன்றவர்களே. அரசியல் மரபு என்று ஒன்று இருந்தால் அது இவர்கள் வழியாகத்தான் வந்தது. ஆனால் நரைத்த தலைக்குச் சுவரொட்டியில் இடமில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நினைவேந்தல் அரசியலை வாழவைக்கிறதா என்பது அன்றைக்கு அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதைப் பொறுத்தது. 2021 மார்ச் 23 அன்று தில்லி எல்லைகளில் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த விவசாயிகள் அந்த நாளை அங்கேயே அனுசரித்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு அவருடைய சித்தப்பா அஜித்சிங் 1907இல் நடத்திய உழவர் கிளர்ச்சியையும் நினைவுகூர்ந்திருந்தார்கள். அங்கே மஞ்சள் தலைப்பாகை இருந்தது, மதச் சின்னங்களும் இருந்தன; இருந்தும் நிலமும் விளைச்சலும் யாருக்கு என்ற கேள்வி மேடையில் இருந்தது. இடதுசாரிப் பஞ்சாபிக் கவிஞர் பாஷ் காலிஸ்தான் தீவிரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டது 1988ஆம் ஆண்டின் அதே மார்ச் 23. பகத்சிங்கை மட்டும் நினைத்துவிட்டு பாஷை விட்டுவிடும் கூட்டமும், இருவரையும் சேர்த்து நினைக்கும் கூட்டமும் ஒரே அரசியலைப் பேசுவதில்லை. பஞ்சாபில் இதைக் கேட்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

லாகூரில் நிலைமை வேறு. மூவரும் தூக்கிலேறிய சிறை 1960களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் ஷாத்மான் குடியிருப்பு வந்தது; தூக்குமேடை இருந்ததாகக் கருதப்படும் இடம் இப்போது ஒரு சாலைச் சந்திப்பு. அதற்கு பகத்சிங் பெயரை வைக்க வேண்டும் என்று அங்குள்ள சிவில் உரிமைக் குழுக்கள் பல ஆண்டுகளாகக் கேட்கின்றன. அதிகாரிகள் 2012இல் இசைந்தார்கள், எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அங்கே சிலை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, அவரைக் கொண்டாடுவதால் எந்தக் கட்சிக்கும் ஓட்டு விழாது. மார்ச் 23 மாலையில் மெழுகுவத்தியோடு அந்தச் சந்திப்பில் சிலர் கூடுகிறார்கள். முஸ்லிம் நாட்டில் சீக்கியக் குடும்பத்து நாத்திகர் ஒருவருக்கு ஏன் கூடுகிறீர்கள் என்று வழிப்போக்கர்கள் கேட்டால், அவர்கள் விளக்கிச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.